பொண்ணு களைச்சுப் போறா, டீச்சர்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். 1996இல் பத்தாம் வகுப்பு முடித்தவள். பெயர் வேண்டாம். வகுப்புத் தோழிகள் கண்டுபிடித்துவிடுவீர்கள், ஆனாலும் இங்கே எழுதாதீர்கள். அவள் மகளுக்குப் பதினாறு வயது. கால்பந்து ஆடுகிறாள், மாநில அணித் தேர்வுக்குத் தயாராகிறாள்.

"டீச்சர், காலையில அஞ்சரைக்குப் பயிற்சி, அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் மறுபடியும் பயிற்சி. வீட்டுக்கு வந்தா பையைக்கூட இறக்காம அப்படியே சரிஞ்சுடறா. பொண்ணு களைச்சுப் போறா, டீச்சர். மாமியார், 'பொம்பளப் புள்ள உடம்பு இதைத் தாங்காது, நிப்பாட்டு'ங்கறாங்க. இவரும் அம்மா சொல்றது சரிதானேங்கறார். நீங்க சொன்னா வீட்டில கேப்பாங்க. என்ன சொல்றீங்க?"

நான் டாக்டர் இல்லை. 33 வருடம் வரலாறு நடத்தியவள். பந்தைக் காலால் தொட்டதும் இல்லை. ஆனால் "பொம்பளப் புள்ள உடம்பு தாங்காது" என்ற வாக்கியத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது எனக்குத் தெரிந்த துறை. அதை முதலில் சொல்லிவிட்டு, கடைசியில் அவளுக்குப் பதில் சொல்கிறேன். நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள். தேர்வு கிடையாது.

முதலில் 1873ஆம் ஆண்டுக்குப் போவோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் எட்வர்ட் கிளார்க் என்று ஒரு மருத்துவர். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். பெண் கல்வி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். உடம்பில் இருக்கும் சக்தி ஓர் அளவுதான், வளரும் வயதில் பெண் அதை மூளைக்குச் செலவழித்தால் கர்ப்பப்பைக்கு உரிய பங்கு குறைந்துபோகும் என்பது அதன் சாரம். அதாவது, பையன்களைப் போலப் பாடுபட்டுப் படித்தால் பெண்ணின் உடம்பு கெடும். இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. அன்று அது மருத்துவம். எத்தனையோ வீடுகளில் பெண்ணின் படிப்பை நிறுத்த அது காரணமாக இருந்திருக்கும். இந்தப் பதிவைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் பட்டதாரிகள். நீங்களே அந்தப் புத்தகத்துக்குப் பதில்.

அடுத்து 1917. முதல் உலகப் போர் நடக்கிறது. இங்கிலாந்தின் வடக்கே பிரஸ்டன் என்ற ஊர். அங்கே டிக், கெர் என்ற கம்பெனி போருக்கு முன்னால் டிராம் வண்டிகள் செய்துகொண்டிருந்தது. போர் வந்ததும் பீரங்கிக் குண்டு செய்யத் தொடங்கியது. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் அந்த வேலைக்குப் பெண்கள் வந்தார்கள். அது எப்படிப்பட்ட வேலை தெரியுமா? பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் நீண்ட ஷிப்டு, இரவு வேலை, கனமான உலோகம். டி.என்.டி. என்ற வெடிமருந்தைக் கையாண்ட பெண்களுக்குத் தோலே மஞ்சளாகிப் போனது. மஞ்சள் நிறக் கேனரிக் குருவியின் பெயரைச் சொல்லி அவர்களைக் கூப்பிட்டார்கள். அந்தச் சமயத்தில் எந்த அதிகாரியும் பெண் உடம்பு தாங்காது என்று ஆலைக் கதவைச் சாத்தவில்லை.

அந்த ஆலைப் பெண்கள் ஓய்வு நேரத்தில் முற்றத்தில் பந்து உதைத்தார்கள். அலுவலகத்தில் இருந்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லாந்து என்பவர் அதைப் பார்த்து அணியாகச் சேர்த்தார். 1917 கிறிஸ்துமஸ் அன்று பிரஸ்டனின் டீப்டேல் மைதானத்தில் இன்னொரு ஆலைப் பெண்களோடு ஆட்டம். காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக. வேடிக்கை பார்க்க 10,000 பேர் வந்தார்கள்.

போர் முடிந்தும் ஆட்டம் நிற்கவில்லை. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் இந்த அணி ஆடியபோது உள்ளே 53,000 பேர். இடம் கிடைக்காமல் வெளியே நின்றவர்கள் இன்னும் பல ஆயிரம். அன்று வசூல் 3,000 பவுண்டுக்கு மேல், தர்மத்துக்கு. அணியின் நட்சத்திரம் லில்லி பார் அப்போது பதினைந்து வயதுச் சிறுமி. நம் மாணவியின் மகளைவிட ஒரு வயது சின்னவள்!

1921இல் மட்டும் அந்த அணி 67 ஆட்டங்கள் ஆடியது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்தரை நாளுக்கு ஓர் ஆட்டம். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ரயிலேறிப் போய் ஆடிவிட்டு, திரும்பி வந்து மறுநாள் ஷிப்டுக்கு நின்றார்கள். களைப்பு இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். ஆனால் அவர்களிடம் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் கூடியது. கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டமல்ல, அதை ஊக்குவிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. சங்கத்தின் கிளப்புகள் தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குத் தரக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. தர்ம வசூலில் செலவு அதிகம் போகிறது என்று ஒரு புகாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் கதவு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் மூடியே கிடந்தது. வேலைக்கு வந்தால் இரும்பு, விளையாட வந்தால் பூ. அதே பெண், அதே உடம்பு.

இங்கேதான் எனக்கு ஓர் அதிர்ச்சி. அந்த நேரத்தில், இது பெண்ணின் உடம்புக்கு மீறிய ஆட்டம், கொஞ்சமும் பொருத்தமில்லாதது என்று சொன்ன லண்டன் மருத்துவர்களில் ஒருவர் பெயர் மேரி ஷார்லீப். இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று தேடினேன். நம் சென்னையின் கோஷா ஆஸ்பத்திரியைத் தொடங்கியவரே இவர்தான்! திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது. நம் உறவிலேயே இரண்டு பேர் அங்கே பிறந்தவர்கள்.

இங்கிலாந்தில் ஒரு பெண் மருத்துவம் படிப்பதே குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில், 1875இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவர் ஷார்லீப். கணவரோடு மதராசுக்கு வந்தவர். ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் பிரசவத்தில் செத்துப்போகும் நம் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் மருத்துவம் படிக்கக் கிளம்பினார். 1885இல் அவர் முயற்சியால் அந்த மருத்துவமனை வந்தது. எத்தனை பெண்களின் உயிரைக் காத்தவர்! மருத்துவப் படிப்பு பெண்ணுக்கு ஆகாது என்ற பேச்சை மீறி வந்தவர். அவரேதான் 1921இல், பந்தாட்டம் பெண்ணின் உடம்புக்கு ஆகாது என்றார்.

அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஓர் ஓட்டப் பந்தயம்.

1928, ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்ஸ். பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டம் முதல்முறையாக வைத்தார்கள். இறுதியில் ஒன்பது பேர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் ஹிதோமி கினுயே இரண்டாவது. ஒன்பது பேரும் எல்லையைத் தொட்டார்கள். முடித்ததும் சிலர் தரையில் உட்கார்ந்தார்கள், சிலர் படுத்தார்கள். முழு மூச்சாக 800 மீட்டர் ஓடிய எந்த ஆணும் செய்வதுதான். ஆனால் பெண்கள் பாதியில் சுருண்டு விழுந்தார்கள், பரிதாபக் காட்சி என்று சில பத்திரிகைகள் எழுதின. விளைவு? 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு 800 மீட்டர் கிடையாது.

இப்போது என் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது, எண்பதுகளின் தொடக்கம். பள்ளி விளையாட்டு விழாவில் 800 மீட்டர் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கடைசி வளைவில் மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்தோம். பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். அடுத்த வாரம் ஆசிரியர் கூட்டம். பொம்பளப் பிள்ளைகளுக்கு 400 மீட்டர் போதும், இதற்கு மேல் உடம்பு தாங்காது, நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று பேச்சு வந்தது. அதை எழுந்து ஆதரித்தவர்களில் நானும் ஒருத்தி. 800 மீட்டர் பட்டியலிலிருந்து போனது.

அந்தப் பெண் ஏன் விழுந்தாள் என்பது சில நாள் கழித்துத்தான் தெரிந்தது. அன்று விடியற்காலை நாலு மணிக்கு அவள் தெருக்குழாயில் வரிசையில் நின்று எட்டுக் குடம் தண்ணீர் சுமந்திருக்கிறாள். அம்மாவுக்குக் காய்ச்சல். சமைக்கவில்லை. ஒரு டம்ளர் வரகாப்பியோடு பந்தயத்துக்கு வந்திருக்கிறாள்.

எட்டுக் குடம் சுமந்ததை யாரும் தடை செய்யவில்லை. 800 மீட்டரைத் தடை செய்தோம்.

காரணம் தெரிந்த பிறகாவது கூட்டத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுவருடம் பெயர் கொடுக்க வந்தபோது, "800 இல்லையா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லைம்மா என்றேன். சரி டீச்சர் என்று போய்விட்டாள். ஆம்ஸ்டர்டாம் கதையை நான் படித்தது அதற்குப் பல வருடம் கழித்து. படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, கால்பந்துக்கு வருவோம்.

இங்கிலாந்து மட்டும்தான் இப்படியா? பிரேசிலில் 1941இல் அரசாங்கமே சட்டம் போட்டது, பெண்ணின் இயல்புக்கு ஒவ்வாத விளையாட்டுகள் கூடாது என்று. கால்பந்தைத் தெய்வமாகக் கும்பிடும் நாட்டில் 1979 வரை பெண்களுக்கு இந்தத் தடை. மேற்கு ஜெர்மனியில் 1955இல் கால்பந்துச் சங்கம் தடை போட்டது, 1970இல் எடுத்தது. எடுத்தபோதும் நிபந்தனைகள். ஆட்டம் 70 நிமிடம்தான். பந்து இலேசாக இருக்க வேண்டும். காலணியில் குமிழ் கூடாது. குளிர்காலத்தில் ஆடக் கூடாது.

1991 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஃபிஃபா முதல் பெண்கள் உலகப் போட்டியை நடத்தியது. உலகக் கோப்பை என்ற பெயரைத் தரக்கூடத் தயங்கினார்கள். மிட்டாய்க் கம்பெனியின் எம் அண்ட் எம்ஸ் கோப்பை என்று பெயர். ஆட்ட நேரம் 90 நிமிடம் அல்ல, 80 நிமிடம்.

இப்போது ஒரு கணக்கு. கடைசி பெஞ்சும் கவனிக்கவும்.

அந்தப் போட்டியில் வென்ற அமெரிக்கப் பெண்கள் நவம்பர் 17, 19, 21, 24, 27, 30 என்று ஆறு ஆட்டங்கள் ஆடினார்கள். 14 நாளில் ஆறு. முதல் மூன்றுக்கும் நடுவே ஒரே ஒரு நாள் ஓய்வு. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியில் ஆண்கள் உலகக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனி ஜூன் 10 முதல் ஜூலை 8 வரை, 29 நாளில் ஏழு ஆட்டங்கள் ஆடியது. பெண்கள்: 480 நிமிடம், 14 நாள். நாளுக்கு 34 நிமிடம். ஆண்கள்: கூடுதல் நேரம் ஆடியதையும் சேர்த்து 660 நிமிடம், 29 நாள். நாளுக்கு 23 நிமிடம்.

பெண் உடம்புக்காகப் பத்து நிமிடம் குறைத்தவர்கள், அதே பெண் உடம்புக்கு ஓய்வு நாளைக் கொடுக்கவில்லை. ஓய்வு நாள் கொடுத்தால் ஓட்டல் செலவு, சாப்பாட்டுச் செலவு கூடும். பத்து நிமிடத்தை வெட்டினால் செலவு எதுவும் இல்லை. 1995இல் ஸ்வீடனில் நடந்த அடுத்த உலகக் கோப்பையில் ஆட்டத்தை 90 நிமிடமாக்கினார்கள். நாட்களைக் கூட்டினார்களா? இல்லை. கோப்பையை வென்ற நார்வே மறுபடியும் இரண்டு வாரத்துக்குள் ஆறு ஆட்டம் ஆடியது.

சீனாவில் நடந்த அந்த முதல் இறுதி ஆட்டத்தில், 78ஆம் நிமிடத்தில் வெற்றி கோலை அடித்தவர் மிஷெல் ஏக்கர்ஸ். பதினான்கு நாளில் ஆறாவது ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடம் பாக்கி இருக்கையில், எதிரணியின் பின்காப்பு வீராங்கனையிடமிருந்து பந்தைப் பறித்து, கோல்கீப்பரையும் தாண்டிக் கொண்டுபோய் அடித்தார். அந்தப் போட்டியில் மட்டும் பத்து கோல்.

இந்த ஏக்கர்ஸின் கதையைத்தான் நம் மாணவிக்கு முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

1993இல் ஓர் ஆட்டத்தின் நடுவே அவர் சரிந்து விழுந்தார். பிறகு நீடித்த சோர்வு நோய் என்று கண்டுபிடித்தார்கள். தூங்கினாலும் தீராத களைப்பு, ஒற்றைத் தலைவலி, தலைசுற்றல். சோம்பேறித்தனம், மனப்பிரமை என்று அந்தக் காலத்தில் பலர் கேலி செய்த நோய் அது. விளையாட்டு உலகில் தன் பெயரைப் பணயம் வைத்து, 1996இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய் இந்த நோயைப் பற்றிப் பேசினார். அதே ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் தங்கமும் வென்றார். சாப்பாட்டை மாற்றினார், ஓய்வைத் திட்டமிட்டார், முன்வரிசையிலிருந்து நடுக்களத்துக்கு இடம் மாறினார்.

1999 ஜூலை 10. கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானம். சீனாவோடு உலகக் கோப்பை இறுதி. பார்வையாளர்கள் 90,185 பேர். நண்பகல் வெயில். ஏக்கர்ஸுக்கு வயது 33. 90 நிமிடமும் நின்று தடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கார்னர் பந்துக்கு எழும்பியபோது சொந்தக் கோல்கீப்பரின் முஷ்டி அவர் தலையில் பட்டது. எழுந்து நிற்க முடியவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு போய் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெளியே கூடுதல் நேரம், பெனால்டி என்று நீண்டு, அமெரிக்கா 5-4 என்று வென்றது. சட்டையைக் கழற்றிக் கொண்டாடிய பிராண்டி சாஸ்டெயினின் படத்தைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு நினைவில் நிற்பது, ஊசி போட்ட கையோடு தள்ளாடி மைதானத்துக்குத் திரும்பி வந்த ஏக்கர்ஸ்.

நோய் என்று தெரிந்த பிறகும் ஆடியது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. நான் கவனிப்பது வேறொன்றை. ஐம்பது ஆண்டு "களைத்துவிடுவாய்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். கதவு திறந்த பிறகு ஒருத்திக்கு நிஜமாகவே தீராத களைப்பு வந்தது. அதை நம்புவதற்கு ஆளில்லை. இது ஒன்றும் புதிர் இல்லை. களைப்பைக் காரணம் காட்டித் துரத்தப்பட்டவர்கள் களைப்பாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவார்கள். சொன்னால் மறுபடி வெளியே அனுப்பிவிடுவார்களே என்று பயம்.

இன்றைக்கு நிலைமை என்ன?

2000களில் டென்மார்க் ஆய்வாளர்கள் உயர்நிலைப் பெண்கள் ஆட்டத்தை அளந்து பார்த்தார்கள். ஓர் ஆட்டத்தில் ஒருத்தி சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறாள். இதயம் தன் உச்சத் துடிப்பில் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் அடிக்கிறது. ஆயிரம் தடவைக்கு மேல் நடை, ஓட்டம், பாய்ச்சல் என்று மாறுகிறாள். தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையக் கரைய, கடைசிக் கால் மணி நேரத்தில் வேக ஓட்டம் குறைகிறது. இதே இறக்கம் ஆண்களிடமும் உண்டு. நன்றாகப் பயிற்சி பெற்ற பெண்கள் மற்றப் பெண்களைவிட மிக அதிகமாக வேக ஓட்டம் ஓடினார்கள். உடம்பு பழகினால் தாங்கும் என்பதற்கு இது எண்ணில் கிடைத்த சாட்சி.

ஆனால் அளவெடுப்பு இன்னும் போதாது. 2014 முதல் 2020 வரை முக்கியமான ஆறு விளையாட்டு அறிவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளை எண்ணிப் பார்த்தார்கள். ஆண்களை மட்டும் வைத்துச் செய்தவை 31 சதவீதம். பெண்களை மட்டும் வைத்துச் செய்தவை 6 சதவீதம். ஒரு பெண் எவ்வளவு சாப்பிட வேண்டும், எவ்வளவு தூங்க வேண்டும், எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பதற்கெல்லாம் இன்னும் பெரும்பாலும் ஆணின் அளவுச்சட்டைதான்.

2022 நவம்பர் முதல் 2023 மே வரை, லண்டனின் ஆர்சனல் அணியில் மட்டும் நான்கு பெண்களுக்கு முழங்காலுக்குள் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்தது. பெத் மீட், மீடமா, லியா வில்லியம்சன், வீன்ராய்தர். இவர்களில் முதல் மூவருக்கும் 2023 உலகக் கோப்பை போனது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. ஏன்? உடலமைப்பு, ஹார்மோன், பயிற்சி வசதி, மைதானம், காலணி, ஓய்வில்லாத ஆட்ட அட்டவணை என்று காரணங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உடலமைப்பு ஒன்றைத் தவிர மற்றதில் பெரும்பாலும் மனிதர்கள் மாற்றக்கூடியவை.

மாற்றமும் வருகிறது. 2019 உலகக் கோப்பையில் அமெரிக்க அணி ஒவ்வொருத்தியின் மாதவிடாய் நாட்களையும் குறித்துவைத்து, அதற்கேற்ப உணவையும் தூக்கத்தையும் கவனித்தது. 2023இல் இங்கிலாந்துப் பெண்கள் வெள்ளை நிக்கரை விட்டு நீலத்துக்கு மாறினார்கள். காரணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைச் சீருடையில் மாதத்தில் சில நாள் பயந்து பயந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள்.

இப்போது உனக்குப் பதில், மகளே. உன் மாமியாருக்கும் சேர்த்து.

முதலில், உன் மாமியார் பொய் சொல்லவில்லை. பேத்தி களைத்துப்போவதை அவர் கண்ணால் பார்க்கிறார். பாசத்தில் சொல்கிறார். அவரோடு சண்டை போடாதே. ஆனால் "பொம்பளப் புள்ள" என்பதை மட்டும் காரணமாக எடுத்துக்கொண்டால், நிஜக் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுவோம். நான் எட்டுக் குடத்தைத் தேடாமல் விட்டதுபோல.

அதனால் தேடு. அஞ்சரைக்குப் பயிற்சிக்குப் போகிறாளே, என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்? முடித்து அரை மணியில் என்ன சாப்பிடுகிறாள்? மதியச் சாப்பாடு டப்பாவில் மிச்சம் வருகிறதா? ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றும் போகும். அதைச் சௌகரியம் என்று நினைத்துவிடாதே. எலும்பு பலவீனமாவதற்கு முன்னறிவிப்பு அது. கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரத்தம் சோதித்துப் பார். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. படியேறினாலே மூச்சு வாங்கும் அளவுக்கு இரத்தம் குறைந்திருந்தால், குற்றம் பந்தின் மேல் இல்லை.

எத்தனை மணி நேரம் தூங்குகிறாள்? வாரத்தில் ஒரு முழு நாளாவது ஓய்வு உண்டா? பயிற்சியாளரிடம் போய் நேராகக் கேள். பயிற்சிக்கு முன்னால் உடலைத் தயார் செய்ய 'லெவன் ப்ளஸ்' என்று ஒரு இருபது நிமிடப் பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் அதைச் சோதித்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அதற்கு ஒரு பைசா செலவில்லை. அதைச் செய்கிறார்களா என்று கேள். கேட்டால் கோபப்படும் பயிற்சியாளர் என்றால், வேறு பயிற்சியாளரைப் பார்.

இன்னொன்று. வீட்டுக்கு வந்து சரிகிறவளிடம், "தம்பிக்குத் தோசை ஊத்திக் கொடு" என்று யாராவது சொல்கிறார்களா? அதையும் கணக்கில் சேர்.

எல்லாவற்றையும் விட முக்கியம், "முடியலம்மா" என்று அவள் சொல்லும்போது, "அப்போ நிறுத்திடு" என்று உடனே பதில் வரக் கூடாது. வந்தால் அடுத்த முறை வலித்தாலும் சொல்லமாட்டாள். சொல்கிற பெண்ணைக் காப்பாற்றலாம். மறைக்கிற பெண்ணைத்தான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும், டாக்டர் ஓய்வு வேண்டும் என்றால் ஓய்வு கொடு. மூன்று மாதம் ஆனாலும் பரவாயில்லை. ஓய்வு முடிந்ததும் மறுபடி மைதானத்துக்கு அனுப்பு. மாநில அணி கிடைக்குமா என்பது எனக்குத் தெரியாது. அது அவள் பாடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எண்பதுகளில் நம் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்களா? விளையாட்டு விழாவில் 800 மீட்டரில் விழுந்த அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால், பெயரைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். இப்போது அறுபதை நெருங்கியிருப்பாள். அவளிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று எனக்கு இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வரலாற்று டீச்சர்